பழுதான பாட்டுகள்

பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் பாட்டும் பாடிக்கொண்டிருந்தது.

கல்முனைக்குடியில் இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. பாங்கு தொடங்கினால் டீவி ஊமையாகும். கல்யாண வீட்டு ஸ்பீக்கர் வாயை மூடும். மீனுக்கு விலை பேசுகிறவர்கள்கூடக் குரலைத் தாழ்த்துவார்கள். எங்கள் பக்கத்தில் பள்ளிவாசல்கள் நெருக்கம். ஒன்று முடிக்க ஒன்று தொடங்கும். கடைசிப் பள்ளியும் முடித்த பிறகுதான் பாட்டு திரும்ப வாயைத் திறக்கலாம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. வீட்டில் கிளி வளர்த்தால் கிளிக்கும் தெரியும்.

நான் குசினியில் சூடை மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் செதில். முன் ஹோலில் மகளின் வாப்பா கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். ஸ்பீக்கரில் ஒரு ஆண்பிள்ளை, தன்னை விட்டுப் போனவளை நினைத்து, மேளதாளத்தோடு அழுதுகொண்டிருந்தான்.

"இஞ்சாருங்க, பாங்கு சொல்றாங்க. பாட்ட நிப்பாட்டுங்க."

அழுகை நிற்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். பிறகு கத்தினேன். தெருவில் போன ஒருவர் எங்கள் கேட்டுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தார். நான் ஹோலுக்கு ஓடினேன். அவர் கதிரையில் சாய்ந்து, காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கை மீனாக இருந்ததால் முழங்கையால் சுவர் சுவிட்சைத் தட்டினேன். பாட்டும் கொம்பியூட்டரும் ஒன்றாகச் செத்தன.

அவர் திரும்பிப் பார்த்தார். "என்னத்துக்கு நிப்பாட்டினாய்?"

அதற்குள் கடைசிப் பள்ளியும் முடித்துவிட்டது. எடுத்துக் காட்ட என்னிடம் பாங்கு இல்லை.

பெட்டியோடு வந்தவர்

மகளின் வாப்பா என்று இந்தத் தொடரில் நான் எழுதுவது என் கணவர் நிஸாரை. பெயர் சொல்லக் கூடாது என்று இல்லை. வாயில் வருவதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். நிஸாரும் அப்படித்தான் வந்தார். மகள் பிறந்ததும், இனி இவளுக்கும் ஒரு வீடு கட்ட வேண்டுமே என்று கணக்குப் பார்த்துவிட்டுக் கட்டாருக்குப் போனார். ஒரு வீடு கட்ட எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டால், எங்கள் வீட்டில் இருபது வருஷம்.

அந்த வீடு எங்கள் வீட்டோடு ஒட்டி எழும்பியது. நடுவில் ஒரே சுவர். மகள் கல்யாணம் முடித்து அதில் குடியேறினாள். இனி எனக்கு அங்கே வேலையில்லை என்று சொல்லிக்கொண்டு இவர் நிரந்தரமாக ஊருக்கு வந்தார். இரண்டாம் தரமும் பெட்டியோடு என் வீட்டுக்கு.

பெட்டிக்குள் இரண்டு கம்பளிப் போர்வை இருந்தது. போர்வைக்குள் கொம்பியூட்டர் இருந்தது. கல்முனைக்குடியில் போர்வைக்கு வேலையில்லை என்பதால் அதை அலுமாரியில் வைத்தேன். கொம்பியூட்டருக்கு இடம் கேட்டார். என் தையல் மெஷின் நின்ற மூலையைக் கொடுத்தேன். மெஷினைப் படுக்கையறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது எனக்கு நல்ல மனநிலை இல்லை.

எட்டுப் பேரின் சமாதானம்

கொம்பியூட்டருக்குள் இருந்தது முழுக்கப் பாட்டு. எவ்வளவு என்று கேட்டேன். இந்த ஆயுளில் கேட்டு முடிக்க ஏலாது என்றார், பெருமையாக. கேட்டு முடிக்க ஏலாத பாட்டை ஒரு மனிதன் ஏன் சேர்க்க வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

டோஹாவில் ஒரு அறையில் எட்டுப் பேர் இருந்தார்களாம். காரைதீவுத் தங்கராசா, இரண்டு மலையாளிகள், ஒரு நேபாளி, மற்றவர்கள் எங்கள் ஆட்கள். ஒரே கொம்பியூட்டர். விடுமுறை நாளில் தங்கராசா கந்தன் பாட்டுப் போடுவார். அது முடிய முன்னம் மலையாளிகள் தங்கள் பாட்டைப் போடுவார்கள். பிறகு சண்டை. ஒரு தரம் அரிசிச் சட்டி பறந்திருக்கிறது.

அப்போதுதான் மகளின் வாப்பா பாட்டுகளை வரிசைப்படுத்தத் தொடங்கினார். தங்கராசாவுக்கு ஒன்று, மலையாளிக்கு ஒன்று, நேபாளிக்கு ஒன்று, தனக்கு ஒன்று, மறுகாவும் தங்கராசா. இதற்குப் பெயர் பிளேலிஸ்ட். பாலர் பாடசாலையில் நான் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைக்கிறேனே, அதே வேலைதான். ஒரு வித்தியாசம், பாட்டு நடுவில் ஒண்டுக்குப் போக வேண்டும் என்று கேட்காது.

அதற்குப் பிறகு அந்த அறையில் சட்டி பறக்கவில்லை. ஆகவே பாட்டை வரிசையாக வைத்தால் வீட்டில் சமாதானம் வரும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையோடுதான் என் தையல் மெஷின் மூலையில் வந்து குந்தினார்.

உம்மா வாற நேரம்

ஊரில் எட்டுப் பேர் இல்லை. நான் ஒருத்திதான். ஆனாலும் பிளேலிஸ்ட் குறையவில்லை.

'காலைத் தேத்தண்ணி' என்று ஒன்று. 'மழை' என்று ஒன்று. 'பொத்துவில் பஸ்' என்பது கல்முனையில் ஏறினால் பொத்துவிலில் இறங்கும்வரை கேட்கக் காணும்; போனில் ஏற்றிக்கொண்டு போவார். சவளக்கடையில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. அங்கே உழவு நடக்கும்போது டிரக்டர்காரருக்குக் கொடுக்க 'சவளக்கடை' என்று பென் டிரைவில் ஒன்று. அவருடைய தாய் வீட்டுக்கு வந்தால் போடுவதற்கு 'உம்மா வாற நேரம்' என்று ஒன்று. அதில் நபிகள் புகழ் மட்டும். 'வெள்ளிக்கிழமை' என்றும் ஒன்று வைத்திருந்தார். ஜும்மா நாளில் பாட்டு இல்லை என்பதால் அதற்குள் ஒன்றும் இல்லை. ஒன்றுமில்லாததற்கு ஏன் பெயர் என்று கேட்டேன். அவர் அடுத்த பாட்டைப் போட்டார்.

'பழுது' என்ற பெயரிலும் ஒன்று இருந்தது.

ஒவ்வொரு நாளும் காலையில் பாட்டுகளைக் கேட்டுப் பார்ப்பார். சரியில்லாததை மௌஸால் இழுத்துக் கொண்டுபோய்ப் பழுதுக்குள் போடுவார். மாதம் போகப் போக மற்ற வரிசைகள் சுருங்கின, பழுது வீங்கியது. ஒரு பாட்டில் நடுவில் பாதி இல்லையாம். இன்னொன்றில் புல்லாங்குழல் தேய்ந்துபோய்விட்டதாம். கொம்பியூட்டருக்கு எங்கள் கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை, உப்பு உள்ளே போய்ப் பாட்டைத் தின்கிறது என்றார். உப்பு ஜன்னல் கம்பியைத் தின்னும், சைக்கிளைத் தின்னும், அது எனக்குத் தெரியும். பாட்டைத் தின்னும் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். ஆனாலும் ஜன்னலைச் சாத்தினேன்.

வெளியில் ஒரு வாய்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

நிரந்தரமாக வந்த அந்த மனிதர் என்னோடு கதைக்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் கதைப்பார். பள்ளிவாசல் படியில் கதைப்பார். மகளின் மாப்பிள்ளையோடு கிரிக்கெட், அரசியல், உரத் தட்டுப்பாடு எல்லாம் கதைப்பார். எங்கள் வீட்டுப் படியில் ஏறினதும் வாய் பூட்டிக்கொள்ளும். மகளோடும் அப்படித்தான்.

நான் என்ன சொன்னாலும் "ஓம், ஓம்" என்பார். மகளுக்குக் காய்ச்சல் என்றேன். "நல்லம்" என்றார். குசினிக் கூரை ஒழுகுது என்றேன். "ஓம், வரச் சொல்லு" என்றார். யாரை?

செவிடன் காதில் ஊதின சங்கு என்று அந்த வருஷம் நான் எத்தனையோ தரம் சொல்லியிருப்பேன். சொல்லும்போது அது பழமொழி என்றுதான் நினைத்தேன்.

எனக்குக் கோபம் வந்தால் மறைக்கத் தெரியாது. கதைப்பது முக்கால்வாசி அடுப்பைப் பார்த்துத்தான். அடுப்பாவது சூடாக இருக்கும். இருபது வருஷம் ஒரு ஆளுக்காகக் காத்திருந்து, வந்து சேர்ந்த ஆள் பாட்டுகளோடு குடும்பம் நடத்துகிறார் என்றால் எந்தப் பெண்ணுக்கும் நெஞ்சு எரியும். எனக்கு எரிந்தது. அவருக்கு இங்கே பிடிக்கவில்லை, மனம் முழுக்க அங்கேதான் கிடக்கிறது என்று முடிவுகட்டினேன்.

அந்த முடிவுக்குச் சாட்சியும் வந்தது. பழைய கம்பனி மேஸ்திரி போன் எடுத்து, திரும்ப வருகிறாயா என்று கேட்டிருக்கிறார். மகளின் மாப்பிள்ளை எனக்குச் சொன்னார். இவர் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் பாஸ்போர்ட் அலுமாரியிலிருந்து மேசைக்கு வந்திருந்தது.

போவதென்றால் போகட்டும் என்று மகளிடம் சொன்னேன். சொல்லிவிட்டுக் கிணற்றடியில் போய் நின்றேன். என்ன செய்தேன் என்று எழுதத் தேவையில்லை.

இரண்டரை மணித்தியாலம்

பாங்குக்குப் பாட்டுப் போட்ட கதை அன்றே ஊருக்குப் போய்விட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது. கட்டாருக்குப் போய் மார்க்கத்தையும் ஈமானையும் தொலைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று ஒரு கட்சி. பள்ளி நிர்வாகத்தோடு பகை என்று இன்னொரு கட்சி. மனிதர் ஐந்து வேளையும் முதல் வரிசையில் நிற்கிறவர். அதை யாரும் கணக்கெடுக்கவில்லை.

பள்ளிவாசலில் இருந்து மரியாதையாக ஒரு சொல் அனுப்பினார்கள். அவருக்குப் பெரிய வெட்கமாகப் போய்விட்டது. பாங்கு விளங்கவில்லை, காதில் விழவில்லை என்றார். பக்கத்துத் தெருவில் குழல் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு விளங்கவில்லை என்றால் யார் நம்புவார்? நானே நம்பவில்லை.

இனி இந்தப் பிரச்சினை வராது, கொம்பியூட்டரே பார்த்துக்கொள்ளும் என்றார். பள்ளிவாசல் கலண்டரை மேசையில் விரித்து, மூக்குக்கண்ணாடி போட்டு, பாங்கு நேரங்களை ஒவ்வொன்றாக உள்ளே அடித்தார். அந்த நேரம் வந்ததும் பாட்டு தானாக நிற்கும். கடைசிப் பள்ளி முடிக்கும் அளவுக்குப் பொறுத்துத் தானாகத் தொடங்கும். இரண்டு நாள் பாடுபட்டார். உண்மையைச் சொல்ல வேண்டும், நானும் உள்ளுக்குள் மெச்சினேன்.

மூன்றாம் நாள் மஃரிப், பொழுது சாய்ந்த நேரம். தெருவே அடங்கிக் கிடக்கிறது. பாங்கு சொல்கிறது. எங்கள் ஹோலில் ஒரு ஆண்பிள்ளை கடற்கரையில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான், முழுச் சத்தத்தில். இவர் பள்ளிக்குப் போக உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார். நான் தொழுகை விரிப்பைப் போட்டுவிட்டு ஓடினேன். அன்று கை சுத்தமாக இருந்ததால் விரலாலேயே சுவிட்சைத் தட்டினேன்.

இரவுத் தொழுகை இஷாவும் முடிந்து நாங்கள் சோறு தின்னும்போது, திரும்பப் போட்டிருந்த பாட்டு திடீரென்று தானாக நின்றது. பெரிய மரியாதையோடு நின்றது. ஊரில் எந்தப் பள்ளியிலும் பாங்கு இல்லை.

அவருடைய கொம்பியூட்டரில் மணி இன்னும் டோஹா மணி. வந்த நாளிலிருந்து மாற்றவில்லை. மாற்றத் தோன்றவும் இல்லை. இருபது வருஷம் அங்கே மணி பார்த்து, இரண்டரை கூட்டி, இப்போது ஊரில் மத்தியான லுஹர், இப்போது மகள் பள்ளிக்கூடம் விட்டு வருவாள் என்று கணக்குப் பார்த்த மனிதர். மணியைக் கண்டால் அவருடைய தலை தானாக இரண்டரையைக் கூட்டிக்கொள்ளும். கொம்பியூட்டர் கூட்டாது என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

விளங்கியதும் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். "நான் திரும்பிப் போறன்," என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. நானும் என்னை என்று எடுத்துக்கொள்ளவில்லை.

மரைக்காரும் மோதினாரும்

அடுத்த நாள் பின்னேரம் மரைக்கார் நேரே வீட்டுக்கு வந்தார். எங்கள் பள்ளிவாசல் பொறுப்பு அவரிடம்தான். நல்ல மனிதர், கனத்த குரல். மெதுவாகக் கதைத்தாலும் பாத்திரம் அதிரும். கூடவே புது மோதினாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பாங்கு சொல்கிற அந்த இளம் மௌலவி பொத்துவில்காரர். இனிமையான, நூல் போன்ற குரல். அவர் வந்த பிறகு பெண்களெல்லாம் மாஷா அல்லாஹ் என்ன குரல் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவருக்கு மனவருத்தம். பாங்கு விளங்கவில்லை என்று இவர் சொன்னது கைமாறிக் கைமாறி, மோதினாரின் பாங்கு சரியில்லை என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. வேலைக்கு வந்து கொஞ்ச நாள். அந்தப் பிள்ளையின் முகம் வாடியிருந்தது.

நான் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கதவடியில் நின்றேன். மரைக்கார் மழை, விளைச்சல் என்று தொடங்கினார். இவர் எல்லாவற்றுக்கும் அழகாகப் பதில் சொன்னார். சிரித்தார். கடைக்காரர்களோடு சிரிக்கும் அதே சிரிப்பு. 

அப்போது மோதினார், ஒரு அண்ணனைக் கேட்பதுபோல, வாயைத் திறந்தார். "என்ட பாங்கில என்ன பிழையெண்டு சொல்லுங்க காக்கா. நான் திருத்திக்குவன்."

தெளிவாகச் சொன்னார். கதவடியில் நின்ற எனக்கே ஒரு எழுத்துத் தவறாமல் கேட்டது. மகளின் வாப்பா சிரித்தபடி, "ஓம், ஓம். நல்லம்," என்றார்.

மோதினார் மரைக்காரைப் பார்த்தார். மரைக்கார் என்னைப் பார்த்தார். இவர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மரைக்காரிடம் திரும்பி, தம்பி என்ன சொல்கிறார் என்று கேட்டார். மரைக்கார் தன்னுடைய கனத்த குரலில் அதையே திரும்பச் சொன்னார். உடனே இவர் பதறிப்போய் மோதினாரின் கையைப் பிடித்துக்கொண்டு, பாங்கில் ஒரு பிழையும் இல்லை, அல்லாஹ் அறிய நான் அப்படிச் சொல்லவில்லை என்றார்.

அந்த "ஓம், ஓம், நல்லம்" எனக்கு நன்றாகத் தெரிந்த சாமான். ஒரு வருஷமாக அதைத்தான் நான் தின்றுகொண்டிருந்தேன். என்னை வெறுத்துச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். அந்த மௌலவியை வெறுக்க இவருக்கு ஒரு காரணமும் இல்லை.

எனக்கும் நூல் குரல்தான். பாலர் பாடசாலையில் கீச்சு டீச்சர் என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள், நான் இல்லாத நேரம். மகளுக்கும் என் குரல்தான்.

நான் கேட்ட பாட்டுகள்

அவர் சவளக்கடைக்குப் போன ஒரு காலையில் கொம்பியூட்டருக்கு முன்னால் நானே இருந்தேன். பழுதைத் திறந்தேன்.

முதல் பாட்டு ஒரு பெண் தனியாகப் பாடுவது. ஒரு குறையும் இல்லை. அடுத்ததில் புல்லாங்குழல். தேயவில்லை, தெளிந்த தண்ணியாக ஓடியது. மூன்றாவது, நடுவில் பாதி இல்லை என்று அவர் சொன்ன பாட்டு. ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுவது. பெண் பாடும் இடம்தான் அவர் சொன்ன அந்த இல்லாத பாதி. அவள் நன்றாகத்தான் பாடினாள். உப்புத் தின்னவில்லை.

அவர் டோஹாவில் வேலை செய்தது பெரிய ஜெனரேட்டர் ஓடும் அறையில். காதை அடைக்கச் சாமான் கொடுத்திருக்கிறார்கள். அடைத்தால் பக்கத்தில் நிற்கிறவன் கூப்பிடுவது கேட்காதே என்று இவர் போடவில்லையாம். பின்னாளில் காது டாக்டர் ஒரு கோடு கீறிக் காட்டி, இப்படி வேலை செய்தால் மெல்லிய, உயர்ந்த சத்தங்கள்தான் முதலில் போகும், கனத்த சத்தம் மிஞ்சும், போவது ஆளுக்கே தெரியாது என்றார். அந்தக் காலையில் டாக்டர் இல்லை. பாட்டுகள் மட்டும்தான் இருந்தன. ஆனாலும் எனக்கு விளங்கிவிட்டது.

கீழே போய்க்கொண்டே இருந்தேன். கடைசியில் பெயரில்லாத ஒன்று கிடந்தது. அமுக்கினேன்.

மகள். ஆறு வயது இருக்கும். நான் படிப்பித்துக் கொடுத்த பாலர் பாட்டை, கை தட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் பாடுகிறாள். நடுவில் நான் சிரிப்பது கேட்கிறது. "வாப்பாக்குச் சொல்லு, கெதியா வரச் சொல்லு" என்று என் குரல். பதிந்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியது.

அதையும் பழுதுக்குள் போட்டிருந்தார். எத்தனை தரம் கேட்டுப் பார்த்துவிட்டுப் போட்டாரோ. அழித்துவிடவும் இல்லை.

நான் அந்தக் கதிரையில் இருந்து அழுதேன். கொஞ்சமாக அல்ல. பக்கத்து வீட்டில் இருந்து மகள் ஓடிவந்து, உம்மா என்ன, யார் மவுத்து என்று கேட்டாள்.

சுவருக்கு அப்பால்

காது கேட்கவில்லை என்று ஒரு மனிதருக்கு எப்படிச் சொல்வது? முதலில் அது அவருக்குக் கேட்க வேண்டும்.

முன்னால் போய் நின்று சொல்லிப் பார்த்தேன். குரலை உயர்த்தினால் என் குரல் இன்னும் கீச்சாகும். "ஓம், ஓம்," என்றார். நான் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகளின் மாப்பிள்ளையைச் சொல்லச் சொல்லலாம் என்றாள் மகள். மனதுக்கு ஒப்பவில்லை. புருஷன் பொஞ்சாதி விஷயத்தை மருமகனின் வாயால் சொல்வதா?

இதற்கிடையில் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு இரண்டு தரம் வெளியே போய் வந்தார். ஏஜென்சிக்காரரைப் பார்த்ததாக மருமகன் சொன்னார்.

ஒரு நாள் முற்பகல் மகளின் வீட்டில் அவளுக்கு மாவரிக்க உதவிக்கொண்டிருந்தேன். எங்கள் அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஓடிப் போவதைவிட லேசு என்று, கையில் மாவோடு, மகளின் போனை எடுத்து அவருக்கு அடித்தேன். சுவருக்கு அப்பால் மணி அடித்தது. பாட்டுச் சத்தம் குறைந்தது.

"சோத்த எறக்கி வைங்க," என்றேன்.

எறக்கி வைத்தாயிற்று என்றார். அடிப்பிடித்த மணம் மூக்குக்கு வந்ததாம். மேல் சோறு நல்லம், அடிச் சோற்றை உன் மருமகனுக்குக் கொடு என்றார். நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார். மாவு எப்படி என்று கேட்டார். இன்றைக்கு மீன்காரன் வரவில்லையே, பருப்புக் கறியா என்று கேட்டார்.

மாவுக் கையோடு நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். டோஹாவில் இருந்து கதைத்த மனிதர் இவர்தான். இருபது வருஷம், கிழமைக்கு இரண்டு மூன்று தரம், காதோடு காதாக என்னோடு கதைத்த ஆள் எங்கேயும் போகவில்லை. போனைக் காதுக்குள் அழுத்தி, சத்தத்தை முழுக்க வைத்துக்கொண்டால் என் குரல் அவருக்குப் போகிறது. எதிரில் நின்றால் போகவில்லை.

மகள் என்னைப் பார்த்துவிட்டு மா அரிதட்டை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டாள்.

"இஞ்சாருங்க," என்றேன். "பாட்டு ஒண்டும் பழுதில்ல. உங்கட காதுதான். நான் கதைக்கிறது உங்களுக்கு விளங்குதில்ல. ஒரு வருஷமா நான் உங்களோட கோவமா இருந்தன். என்னோட கதைக்கிறீங்க இல்ல எண்டு."

அந்தப் பக்கம் பாட்டு நின்றது. கடல் இரைவது மட்டும் போனுக்குள்ளும் வெளியிலும் கேட்டது. வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"நீதான் கதைக்கல்ல எண்டு நான் நெனச்சன் புள்ள," என்றார். "நான் வந்த நாள்ள இருந்து நீ வாய்க்குள்ள முணுமுணுக்கிறாய். மொகத்தப் பாத்தாக் கோவம். இது ஒன்ட ஊடு. நான் வந்து குந்தினது ஒனக்குப் புடிக்கல்லயாக்கும் எண்டு இருந்தன். ஊட்டுக்குள்ள ஒரு சத்தமும் இல்ல. அதான் பாட்டப் போட்டன்."

மாவுக் கையால் நான் வாயைப் பொத்திக்கொண்டேன். 

"ஹலோ," என்றார், டோஹாவில் இருந்து லைன் அறுந்தால் கூப்பிடுவது போலவே. "ஹலோ, புள்ள? இரிக்கியா?"

"இரிக்கன்," என்றேன். "நீங்க போகாதீங்க."

அது அவருக்குக் கேட்டது.